தெருவுக்கு ஒரு டெலிபோன்

தாம்பரம் மின்சார ரயிலில் யாருடைய மொபைலோ பழைய டெலிபோன் மணியாக அடித்தது. என் கை தானாக முகத்தைத் துடைத்துக்கொண்டது. அம்மாவின் பழக்கம்.

இரும்புலியூரில் அப்போது எங்கள் தெருவுக்கே ஒரு போன்தான், பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம். துபாயிலிருந்து அப்பா அதில்தான் கூப்பிடுவார். அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கத்துவார்: “சுமதி, உன் வூட்டுக்காரரு அஞ்சு நிமிஷத்துல திரும்ப பண்றாராம்!”

அந்த ஐந்து நிமிஷத்தில் அம்மா முகம் கழுவி, பவுடர் பூசி, பொட்டு வைத்துக்கொண்டு ஓடுவாள்.

“போன்ல மூஞ்சி தெரியுமாம்மா?” என்று சிரிப்பேன்.

அக்கா வீட்டு ஹாலில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, “சாப்டீங்களா? நாங்க நல்லா இருக்கோம்” என்பாள். அவ்வளவுதான்.

பல வருஷம் காத்திருந்து எங்கள் வீட்டுக்கும் போன் வந்தது. முதல் தடவை அப்பா கூப்பிட்டபோது அம்மா பவுடர் பூசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, அவரிடம் முதன்முறையாக அழுதாள்.