காய்கறிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, படுக்கையில் இருந்தபடியே கைப்பேசியில் எங்கள் பொழுதுபோக்குப் பூங்காவில் ஆட்கள் வரிசையில் காத்திருக்கும் கூடத்தைப் பார்த்தது. கண்காணிப்புக் கேமராவின் படம் எனக்கும் வரும். பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள். கூட்டம் கலைந்துபோன கூடத்தில் கரும்புச் சக்கைகள் கிடந்தன. அந்த நேரத்தில் தவமணி அண்ணன் படத்தில் இருந்திருக்க வேண்டும். வளைந்து வளைந்து போகும் கம்பித் தடுப்புகளுக்கு நடுவே, எங்கும் குனிந்து குறுக்கே நுழையாமல், பார்வையாளர்கள் நடக்கும் முழுத் தூரத்தையும் தினமும் கதவு திறக்கும் முன் ஒருமுறை நடந்து பார்ப்பார். அன்று பெருக்குகிற அம்மா மட்டும் இருந்தார். விளக்குமாறு கையில் இருந்தது, பெருக்கவில்லை. அது ஏன் என்று எனக்குத் தோன்றுவதற்குள் அழைப்பு வந்தது. சவாரியை இயக்கும் சரவணன்.

“அக்கா, தவமணி அண்ணே போயிட்டாருக்கா.”

வேலையை விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. நிர்வாகத்தோடு அவருக்குப் பல மாதங்களாகச் சண்டை. “எப்படா எழுதிக் குடுத்தாரு?” என்று கேட்டேன். சரவணன் அழத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. விடியற்காலையில் நெஞ்சு வலி. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசல் போவதற்குள் முடிந்துவிட்டது.

அந்தச் சண்டை ஒரு வாசலைப் பற்றியது. நாங்கள் கட்டப்போகும் புதிய சவாரிக்கு இரண்டு வாசல்கள் வைக்கலாமா, ஒரே வாசல்தானா என்பது. வெளியில் இருப்பவர்களுக்கு அது அற்பமாகத் தெரியும். அவரோடு வேலை செய்த உங்களில் பலருக்கும்கூட அதன் முழுக் கதை தெரியாது. அவர் நண்பர்கள் கொண்டுவரும் இந்தச் சிறு மலரில் அதை எழுதிவைப்பதுதான் நான் அவருக்குச் செய்யும் அஞ்சலி.

எங்கள் பூங்கா நான்குவழிச் சாலையை ஒட்டிய பொட்டலில் இருக்கிறது. அதில் பெரிய சவாரி, அசையும் இருக்கைகளில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பது. யானைமலைக்கு மேல் பறப்பதுபோல இருக்கை சாயும், காற்று அடிக்கும், வயல் வரும்போது மழைச்சாரல் முகத்தில் விழும். சனங்கள் அதை ‘ஆடுற சேர்’ என்பார்கள். அதன் காட்சி, ஒலி, வாசனை, உள்ளே நுழைந்ததும் வெளியுலகம் மறந்துபோகும்படியான அறைகள், இவற்றை வடிவமைப்பது என் வேலை. ஆட்களை அந்த அறை வாசல்வரை சண்டையில்லாமல் கொண்டுவந்து சேர்ப்பது தவமணி அண்ணன் வேலை. புள்ளியியல் படித்தவர். எழுமலைப் பக்கம் விவசாயக் குடும்பம். ஆறடி உயரம், அதற்கேற்ற குரல், அதற்கேற்ற கோபம். சவாரியில் ஏறியது ஒரே ஒரு முறை. இறங்கிவந்து தொட்டிச் செடியில் வாந்தி எடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “ரொம்பத் தத்ரூபமா பண்ணிருக்க மலரு. இனிமே இந்தப் பக்கம் என்னைக் கூப்புடாத.”

எங்களுக்குள் முதல் தகராறு இருட்டைப் பற்றி வந்தது. காத்திருக்கும் பாதையையே ஒரு குகைபோல இருட்டாக்கி, சவாரிக் கதையை அங்கேயே தொடங்கிவிட வேண்டும் என்பது என் திட்டம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “இன்னும் எம்புட்டு தூரம்னு தெரியாம நிக்க வச்சா சனம் கொந்தளிச்சுரும். கண்ணுக்கு முன்னாடி வாசல் தெரிஞ்சா எம்புட்டு நேரமும் நிக்கும்” என்றார். கடைசி இரண்டு வளைவுகளை மட்டும் எனக்கு விட்டுக்கொடுத்தார். என் பாதி இருட்டும் அவர் பாதி வெளிச்சமுமாகத்தான் அந்தக் கூடம் இன்றைக்கும் இருக்கிறது.

அவர் முறை எப்போதும் நியாயமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு மே மாத மதியம், கைக்குழந்தையோடு வந்த பெண்ணை முன்னால் அனுப்பச் சொன்னேன். “கைக்குழந்த வச்சுருக்கவுக பூராம் முன்னாடி போனா மத்தவுக நாளைக்குத்தான் ஏறணும்” என்று மறுத்துவிட்டார். குழந்தை வெயிலில் துவண்டுபோய், அந்தப் பெண் சவாரி பார்க்காமலே திரும்பிப் போனாள். நான் அவரோடு பல நாள் பேசவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கிறவர் இல்லை. அந்தப் பெண் நின்ற வளைவில் ஒரு மின்விசிறியும் ஒரு தொட்டிலும் மாட்டிவைத்தார்.

எங்களிடம் தனித்தனி ஆட்களாக யாரும் வருவதில்லை. வேன் வேனாக வருகிறார்கள். காதுகுத்து, மொட்டை முடித்துவிட்டுச் சந்தனத் தலைகளோடு ஒரு குடும்பமே இறங்கும். ஒருவர் வரிசையில் நிற்பார், மற்றவர்கள் கடைசி நேரத்தில் வந்து சேர்வார்கள். பின்னால் நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள். இதற்குத் தவமணி அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். வேனுக்கு ஒரு ஆள் நின்றால் போதும், மற்றவர்கள் நிழலில் உட்காரலாம். அந்த ஆள் வாசலை நெருங்கியதும் ஒலிபெருக்கியில் ஊர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எண் சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது, ஊர் பெயர் கேட்டால் தூங்குகிறவர்கள்கூட எழுந்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. கூச்சல் அடங்கிவிட்டது. அவருக்கு அதில் ஏகப் பெருமை.

அந்தப் பெருமை ஒரு சித்திரை விடுமுறையில் உடைந்தது. அன்று எனக்கு விடுப்பு. என் தம்பி மகளுக்குக் காதுகுத்து முடிந்து, எங்கள் ஆட்களோடு நானும் வேனில் வந்து இறங்கியிருந்தேன். “திருவாதவூர் வேன், வாங்க” என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். எங்களோடு அதே ஆட்டத்தில் ஏற வேண்டிய அடுத்த வேன், அவருடைய சொந்த ஊர் வேன். அதில் முன்னால் நின்றவர் அவர் தாய்மாமன். அவர் என் தம்பியைப் பார்த்து இயல்பாகக் கேட்டார்.

“தம்பி திருவாதவூர்ல எங்கிட்டு?”

இந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். என் தம்பி பள்ளிக்கூட வாத்தியார். தயங்காமல் எங்கள் தெருவைச் சொன்னான். அங்கே நின்ற அவர்கள் வீட்டுப் பெண்கள் ஓர் அடி பின்னால் போனார்கள்.

மாமன் தவமணி அண்ணனைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “மாப்ள, இங்கிட்டு வா. எங்க பொம்பளைகளையும் இவங்களையும் ஒரே கம்பிக்குள்ள அடைக்கப் போறியா?”

எங்கள் சவாரியில் நான்கு இருக்கைகளுக்கு ஒரு பாதுகாப்புக் கம்பி. நான்கு பேர் மடிக்கும் சேர்த்து மேலிருந்து இறங்கும்.

“செஞ்சவன் அப்பிடித்தான் செஞ்சு அனுப்பிருக்கான் மாமா.”

“எங்கள அடுத்த ஆட்டத்துல விடு. ஒனக்கு என்ன கொறஞ்சு போகுது?”

“அடுத்த ஆட்டம் அடுத்து நிக்கிறவுகளுக்கு. இது ஒங்க முறை. வாரீகளா, இல்லையா?”

“ஒங்க ஆத்தா பொறந்த வீட்டுக்கே சட்டம் பேசுறியாடா?”

“வரிசைல முன்ன பின்னதான் மாமா உண்டு. மேல கீழ கிடையாது.”

மாமன் கத்தவில்லை. தாழ்ந்த குரலில்தான் சொன்னார். “நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா எங்க வீட்டுலருந்து ஒருத்தன் வர மாட்டான். பாத்துக்க.”

“வராட்டி விடுங்க. கூட்டம் கொறையும்.”

அவர்கள் ஏறவில்லை. காத்திருந்த மற்றவர்களை வைத்து அந்த இடங்களை நிரப்பியிருக்கலாம். அவர் நிரப்பவில்லை. மாமன் பார்த்துக்கொண்டிருக்க, பாதி இருக்கைகள் காலியாகவே ஆட்டத்தை ஓட்டச் சொன்னார். எனக்கும் தம்பி மகளுக்கும் பக்கத்தில் இரண்டு இருக்கைகள் வெறுமையாக இருந்தன. கம்பி நான்குக்கும் சேர்த்தே இறங்கியது. நானே எழுதிய காட்சி, எங்கே சாயும், எங்கே சாரல் விழும் என்று தெரியும். அன்று சாரல் அந்தக் காலி இருக்கைகளில் விழுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இறங்கியதும் என் அம்மா சேலையை உதறிக்கொண்டு சொன்னார்: “நல்லா காலை நீட்டி உக்காந்து வந்தோம். இடம் தாராளம்.”

நான் யார் வீட்டுப் பெண் என்பது தவமணி அண்ணனுக்கு அன்றுதான் தெரிந்தது. அலுவலகத்தில் வேறு யாருக்கும் இன்றுவரை தெரியாது. மறுநாள் அவர் என்னிடம் எதையும் விசாரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. வண்ணப் பலகைகளை ஒரு கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் போட்டார். கத்திரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய், பூசணி என்று படம் வரைந்திருந்தது.

“ஊர் பேரு வேணாம் மலரு. அது என் தப்பு. ஊரைச் சொன்னா அடுத்து தெருவக் கேப்பான். முருங்கைக்கா வேனப் பாத்து எந்தத் தெருன்னு கேக்கட்டும், பாப்போம்.”

அன்றிலிருந்து வேனுக்கு ஒரு காய். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். “நாங்க வெண்டக்கா, நீங்க?” என்று தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கூவிக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் பலகையோடு சண்டைக்கு வந்தார். “நல்ல நாளும் அதுவுமா எங்களுக்கு ஏய்யா பாகக்கா? வேற காயக் குடு.” தவமணி அண்ணன் பலகையை மாற்றவில்லை. முறை வந்ததும், “பாகக்கா வேன், கசந்துக்கிறாம வாங்க” என்று ஒலிபெருக்கியில் அழைத்தார். பெரியவரும் சிரித்துவிட்டார்.

ஆனால் மாமனைப் போல முணுமுணுத்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அது நிர்வாகத்தின் காதுக்குப் போனது. புதிய சவாரிக்கு இரண்டாவது வாசல் என்ற யோசனை வந்தது. முன்பே சொல்லிவைக்கும் குழுக்கள் அந்த வழியாக வந்து, வேறு யாரும் கலக்காமல் தனி ஆட்டம் பார்க்கலாம். குடும்ப வசதி என்று அதற்குப் பெயர். அலுவலகக் கூட்டத்தில் தவமணி அண்ணன் எழுந்தார். “எதுக்குத் தனியா வேணும்னு கேப்போம். அவங்க சொல்றத அப்பிடியே வாசல்ல போர்டா எழுதி மாட்டுவோம். சம்மதமா?”

மேலாளர் பேனாவை மூடினார். “அண்ணே, நாம ஊரத் திருத்த வரல. டிக்கெட் விக்க வந்துருக்கோம்.”

“டிக்கெட்டுல தெருப் பேரு ஒண்ணும் அச்சடிக்கலையே.”

ஒவ்வொரு கூட்டத்திலும் இதே பேச்சு. அவர் குரல் உயரும், விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். அப்படித் தள்ளித்தள்ளியே அந்த வாசலை அவர் இத்தனை மாதம் வரவிடாமல் வைத்திருந்தார்.

உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நாங்கள் பூங்கா வேனில் போனோம். எல்லாச் சடங்கும் முடிந்து, கடைசியாக உடல்மேல் போர்த்தத் தாய்மாமன் வீட்டிலிருந்து வர வேண்டிய கோடித்துணிக்காகக் காத்திருந்தார்கள். அந்த வீடு அதே தெருவில், கூப்பிடு தூரத்தில் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். வெயில் ஏறியது. கொட்டு அடித்தவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். கடைசியில் அவர் மனைவிதான் எழுந்தார். “எம்புட்டு நேரம் போட்டு வைக்கிறது? எடுங்க.” மாமன் வீட்டுக் கோடி இல்லாமலே எடுத்தார்கள்.

அதற்குச் சற்று முன்பு, பந்தலில் என் பக்கத்தில் இருந்த ஒரு வயதான பெண் என் கையைப் பிடித்து, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். “திருவாதவூர்ல எங்கிட்டும்மா?” என்றார். பதில் சொல்ல வாயெடுத்தேன். அழுதுகொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தார். “அத்தே, அவங்க இவரு கூட வேல பாத்தவங்க. அது போதும்.” என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார். அந்த வீட்டில் அன்று அந்தக் கேள்வியைத் தடுக்க அவர் ஒருவராவது இருந்தார். ஆனால் என் பதில் சொல்லப்படாமல் என்னோடேயே திரும்பி வந்தது.

பூங்காவை அன்றும் மூடவில்லை. சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு சரவணன் சவாரியை ஓட்டினான். இரண்டு நாள் கழித்து மேலாளர் என் அறைக்கு வந்தார். கதவருகிலேயே நின்று தவமணி அண்ணனைப் பற்றி நல்லவிதமாகச் சில வார்த்தைகள் பேசினார். அவர் கண் கலங்கியதும் உண்மைதான். பிறகு சொன்னார்: “மேடம், அந்த ரெண்டாவது வாசல வரைபடத்துல போட்ருங்க. இனி யாரும் தடுக்கப் போறதில்ல.”

தவமணி அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். கூட்டத்தை எப்படி வரிசையில் நிறுத்துவது என்பதை வேறு யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். ஏற மறுத்தவர்களின் இருக்கைகள் அவர்கள் கண்ணெதிரே காலியாக ஓடட்டும் என்று விட்ட பிடிவாதம் அவருடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது எங்கள் அடுத்த கூட்டம் முடிந்திருக்கும். நான் கொண்டுபோகும் வரைபடத்தில் ஒரு வாசல்தான் இருக்கும். ஏன் என்று கேட்பார்கள். இடம் போதாது, செலவு கூடும், இரண்டு வாசலுக்கும் ஆள் போட முடியாது என்று சொல்லித் தப்பிக்க எனக்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லப் போவதில்லை. திருவாதவூரில் என் தெரு எது என்று அந்த மேசையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, நான் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று அவர்களைக் கேட்கப் போகிறேன். அதன்பிறகு அந்த வேலையில் நான் இருப்பேனா என்று தெரியாது. வீட்டில்கூட இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.