வேலிக்குள்ளிருந்து வந்த சலாம்

எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, உடன்பிறந்த அண்ணன் ஒருவர்தான். ஆனால் நீடாமங்கலம் கடைத்தெருவில் அத்தா வைத்திருந்த உரக்கடைக்குள் யார் காலெடுத்து வைத்தாலும், வயது, சாதி, மதம் எதையும் பார்க்காமல், “வாங்கண்ணே” என்றுதான் வரவேற்பார். மீசை முளைக்காத பையன் யூரியா வாங்க வந்தாலும் அவனும் அண்ணன்தான். அவர்கள் பதிலுக்கு அத்தாவை “பாய்” என்பார்கள். அந்தச் சொல்லுக்கும் சகோதரன் என்றே அர்த்தம் என்பது எனக்கு அப்போது தெரியாது. கூப்பிட்டவர்களில் பலருக்கும் தெரிந்திருக்காது.

இப்படி ஊரையே அண்ணனாக்கிக் கொண்டவர், சொந்த அண்ணனை மட்டும் “அந்த வீடு” என்று குறிப்பிட்டு வந்தார். அந்த வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு கிளுவை வேலி.

சண்டை தண்ணீரால் வந்தது. இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் பின்னால் வயல். வயலின் தலைமாட்டில் இருவருக்கும் பொதுவான ஆயில் இன்ஜின் கொட்டகை. ஒரு குறுவைச் சாகுபடியில் பெரியத்தா, அதாவது அத்தாவின் அண்ணன், தன் முறை முடிந்த பிறகும் தண்ணீரை விடவில்லை என்றும், அத்தாவின் நாற்று வாடியது என்றும் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அத்தா அதைக் கடையில் பலர் முன்னால் சொன்னதுதான் தப்பு என்று அந்த வீட்டில் சொல்வார்கள். எது எப்படியோ, பேச்சு நின்றது. வேலியில் பெரியவர்கள் போய்வந்த வழி கிளைகள் வளர்ந்து குறுகியது. கடைசியில் அது எட்டு வயதான என் ஒருத்திக்கு மட்டும் போதுமான அளவில் நின்றது.

பேச்சு நின்றாலும் இன்ஜின் நிற்கவில்லை. அது யாருடைய முறை, டீசல் இருக்கிறதா, பெல்ட் அறுந்துவிட்டதா என்பதை யாராவது போய்ச் சொல்லியாக வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது. “நாளைக்கு நம்ம முறைன்னு அங்க சொல்லிட்டு வா” என்பார் அத்தா. “சரின்னு உங்கத்தாகிட்ட சொல்லு” என்பார் பெரியத்தா. அண்ணன், தம்பி என்ற சொற்களைத் தொடாமல் பேசுவதில் இருவரும் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் காலையில் நாங்கள் குர்ஆன் ஓதப் போகும் பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் சலாம் சொல்வதன் சட்டங்களைச் சொல்லிக்கொடுத்தார். முதலில் சலாம், பிறகுதான் கலாம், அதாவது பேச்சு. சலாம் சொல்வது சுன்னத்து, அதாவது நபிவழி. பதில் சொல்வது கடமை. ஒருவர் இன்னொருவரிடம் சொல்லி அனுப்பிய சலாமாக இருந்தாலும் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதிலில் கொண்டுவந்தவரோடு அனுப்பியவரையும் சேர்க்க வேண்டும்: உன்மீதும் அவர்மீதும் சாந்தி உண்டாகட்டும். முஸ்லிம்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சகோதரர்கள் என்றும் அவர் சொன்னார். அப்படியானால் கூடப்பிறந்தவர்கள் என்ன கணக்கு என்று நான் கேட்டேன். ஹஜ்ரத் சிரித்துவிட்டார். “அவங்க ரெண்டு தடவை சகோதரங்கம்மா.”

நான் சிறுவயதிலேயே ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவள். செருப்புகள் ஜோடியாக இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நான் சுமந்துபோகும் செய்திகள் எல்லாமே பேச்சு; அவற்றுக்கு முன்னால் சலாம் இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. இரண்டு பெரிய மனிதர்கள் சட்டம் தெரியாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சரிசெய்வதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. சமாதானம் செய்ய வேண்டும் என்று நினைத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அது உண்மையாக இருக்காது.

அன்று மாலை வேலியைக் கடந்துபோய்ப் பெரியத்தா முன்னால் நின்று, “அத்தா சலாம் சொன்னாங்க. டீசல் தீந்துபோச்சாம்” என்றேன்.

பெரியத்தா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. பிறகு அரபியில் முழுப் பதிலையும் சொன்னார், ‘அவர்மீதும்’ என்பது உட்பட. திரும்பி வந்து, “பெரியத்தா சலாம் சொன்னாங்க. டீசல் வாங்கியாரச் சொன்னாங்க” என்று அத்தாவிடம் ஒப்பித்தேன். அத்தாவும் பதில் சொன்னார். இருவருக்கும் பதில் தெரிந்திருந்ததில் எனக்குத் திருப்தி.

அதற்குப் பிறகு செய்திகள் கூடிக்கொண்டே போயின. ஓதப் போகுமுன் ஒரு தடவை, பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு தடவை, சாப்பிட உட்கார்ந்தால் எழுப்பி ஒரு தடவை. பெரியவர்களுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்று நினைத்து அலுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் பெரியத்தா மகளுக்கு நிக்காஹ் நிச்சயமானது. எனக்கு அக்கா. நிக்காஹ் அன்று அவளுடைய வலப்பக்கம் உட்காருவது நான்தான் என்று முன்பே முடிவாகியிருந்தது. சின்ன வயதில் எங்கள் அத்தாவைச் ‘சின்னத்தா’ என்று அழைத்து அவர் தோளிலேயே வளர்ந்தவள் அவள். ஒருநாள் எனக்குத் தலை பின்னிவிட்டபடி, “சின்னத்தா சபையில வந்து உக்காரலேன்னா நான் சம்மதம் சொல்ல மாட்டேன், பாத்துக்க” என்றாள். மணப்பெண் சம்மதம் சொல்லாவிட்டால் நிக்காஹ் இல்லை என்பது எனக்குத் தெரியும். பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு அவள் அழுதாள்.

பத்திரிகை அடித்து வந்தது. சொந்தக்காரர்களை வீடு தேடிப் போய்த்தான் அழைக்க வேண்டும். பெரியத்தா ஊர் ஊராகப் போய் அழைத்தார். எங்கள் வீட்டுக்கு மட்டும் என் கையில் பத்திரிகையைக் கொடுத்தனுப்பினார்.

அது ஞாயிற்றுக்கிழமை. அத்தா கொல்லையில் மாமரத்தில் கண்ணாடியை மாட்டிச் சவரத்துக்குச் சோப்பு குழைத்துக்கொண்டிருந்தார். “பெரியத்தா சலாம் சொன்னாங்க. பத்திரிகை குடுத்தாங்க.” அத்தா சலாத்துக்குப் பதில் சொன்னார். பத்திரிகையைப் பிரிக்காமல் கிணற்றுக்கட்டில் வைத்தார்.

“தம்பியத் தபால்ல கூப்புடுறாங்களா?” என்றார், கண்ணாடியைப் பார்த்து.

பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினார். அதற்கு முந்தின மாதம் அஸ்ஸாமிலிருந்து, மார்க்கம் சொல்ல ஊர் ஊராகப் போகும் ஒரு ஜமாஅத் வந்து எங்கள் பள்ளிவாசலில் தங்கியிருந்தது. அவர்கள் பாஷை ஒரு எழுத்துக்கூட யாருக்கும் புரியவில்லை. அத்தா அவர்களை வீட்டுக்குக் கூட்டிவந்து, எல்லாம் நம்ம சகோதரங்க என்று சொல்லித் தன் கையாலேயே சோறும் குழம்பும் பரிமாறியிருந்தார்.

“அஸ்ஸாம்காரங்களுக்கு ஆணம் ஊத்துன கை, வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும் எட்டாது” என்றார் அம்மா, பாத்திரத்திடம்.

நான் வேலியைக் கடந்தேன். செய்தியை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சேர்ப்பது என் பழக்கம், சலாத்தைத் தவிர.

“அத்தா சலாம் சொன்னாங்க. ‘தம்பியத் தபால்ல கூப்புடுறாங்களா’ன்னு கேட்டாங்க.”

பெரியத்தா பதில் சலாத்தைச் சொல்லி முடித்தார். பிறகு குனிந்து என் முகத்துக்கு நேரே வந்தார்.

“தம்பின்னா சொன்னான்?”

“ஆமா பெரியத்தா.”

“நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லு.”

“தம்பின்னுதான் சொன்னாங்க.”

எழுந்தார். தெருவழியாகச் சுற்றிப் போயிருந்தால் ஒரு சிரமமும் இல்லை. அவர் நேரே கொல்லைக்கு நடந்து, நான் வந்த வழியிலேயே நுழைந்தார்; அதற்குள் நான் முன்னால் ஓடி எங்கள் பக்கம் வந்திருந்தேன். என் அளவுக்கு இருந்த வழியில் அவர் பாதிதான் போக முடிந்தது. கிளுவை முள் சட்டையின் முதுகைப் பிடித்துக்கொண்டது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல், தலையும் ஒரு தோளும் எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க, உரக்கச் சொன்னார்:

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

அத்தா ஒரு கன்னம் மழித்து மறு கன்னத்தில் நுரையோடு இருந்தார். கண்ணாடியிலேயே அண்ணனைப் பார்த்தார். பதில் சொல்வது கடமை. “வஅலைக்கும் ஸலாம்” என்றார். அதோடு நிறுத்தத்தான் நினைத்திருப்பார் என்று நான் நம்புகிறேன். ஆனால் நாள் முழுக்க, வருஷம் முழுக்க, வாசலில் வருகிறவர்களை எல்லாம் அழைத்துப் பழகிய நாக்கு, அவரைக் கேட்காமலே அடுத்த சொல்லையும் சொல்லிவிட்டது.

“வாங்கண்ணே.”

அம்மாவின் கையிலிருந்த பாத்திரம் சத்தமில்லாமல் தரைக்குப் போனது.

“எங்கடா வர்றது? முள்ளு புடிச்சிருக்குல்ல” என்றார் பெரியத்தா.

அத்தா நுரையோடு ஓடினார். கிளையை ஒரு கையால் வளைத்து, சட்டையிலிருந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

“வேலியக் கொஞ்சம் கழிச்சு விட்டிருக்கக் கூடாதாடா?”

“வேலி உங்களுதுண்ணே. நான் எப்படிக் கை வைக்கிறது?”

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. இருவரும் சிரித்தார்கள். பிறகு அத்தாவின் நுரை பெரியத்தாவின் தோளில் ஒட்டியது. அது எப்படி ஒட்டியது என்பதைப் பார்க்கவிடாமல் அம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போதே நான் பெரியத்தாவைப் பார்த்துக் கத்தினேன், பத்திரிகையை இப்போது நேரில் கொடுக்கச் சொல்லி. கிணற்றுக்கட்டில் கிடந்ததை அவர் எடுத்துத் தூசி தட்டி, இரண்டு கையாலும் அத்தாவிடம் நீட்டினார்.

மறுநாள் வேலியை இருவரும் சேர்ந்து கழித்தார்கள், இரண்டு ஆள் ஒன்றாகப் போகும் அளவுக்கு.

நிக்காஹ் அன்று அத்தா விடியுமுன்பே அந்த வீட்டில் இருந்தார். வாசலில் நின்று வந்தவர்களை எல்லாம் “வாங்கண்ணே” என்று அழைத்தார். அக்காவிடம் சம்மதம் கேட்க வந்த இரண்டு சாட்சிகளில் ஒருவர் அவர். அக்கா தலையைக்கூட நிமிர்த்தாமல், ஆனால் தெருவுக்கே கேட்கும்படி, சம்மதம் என்றாள். நான் அவளுடைய வலப்பக்கம், இரண்டு உள்ளங்கையிலும் மருதாணியோடு, ராணியைப்போல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஓதப் போனபோது, சட்டத்தைச் சரியாகக் கடைப்பிடித்தால் எல்லாம் நடக்கும் என்று என்னைவிடப் பெரிய பிள்ளைகளுக்கெல்லாம் எடுத்துச் சொன்னேன். இரண்டு பெரியவர்களுக்கும் சலாம் சொல்லக் கற்றுக்கொடுத்தவள் நானே என்பதில் எனக்கு அன்று ஒரு சந்தேகமும் இல்லை.

இப்போது அந்த இன்ஜின் இல்லை. கரண்ட் மோட்டார் வந்து, அதைச் செல்போனிலேயே ஓட்டுகிறார்கள். சென்ற மாதம் ஊருக்குப் போனபோது மோட்டார் ஓடுகிறதா என்பதே தெரியாமல் கொல்லையில் நின்றேன். அப்போதுதான் பழைய இன்ஜினின் நினைவு வந்தது. அது ஓடினால் தெருமுனை வரை டகடகவென்று அதிரும். அம்மா அடுப்படியிலிருந்து கத்தித்தான் பேசுவார். நான் சலாம் சுமந்த அந்த நாட்களில், அந்தச் சத்தத்துக்கு நடுவே கொல்லையில் நின்றுகொண்டு அத்தா என்னைக் கூப்பிடுவார். எனக்குக் கேட்காது என்று கையை வாயருகில் குவித்துக்கொண்டு, இரண்டு தடவை சொல்வார்:

“இன்ஜின் ஓடுதான்னு அங்க கேட்டுட்டு வா.”