பாய் சொன்னால்தான் கோல்

காயல்பட்டினத்து சுஐபு பாய், சவுதியின் யான்புவில் எங்கள் காண்டிராக்ட் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். வாரத்தில் ஆறு நாள் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் கேம்ப் கால்பந்து அணிக்குக் கோச். அந்த இரண்டு மணி நேரம் மனிதர் பண்ணுகிற அதிகாரத்தை எங்களுக்கு விசா கொடுத்த அரபி முதலாளி, எங்கள் கஃபீல்கூடப் பண்ணியதில்லை.

நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால் பந்து எங்களுடையது அல்ல, அவருடையது. யாருக்குக் கொடுப்பது, எப்போது திரும்புவது, எப்போது கோலுக்கு அடிப்பது, எல்லாவற்றையும் கோட்டுக்கு வெளியே நின்று அவரே கத்துவார். "ரெங்கு, எடது பக்கம் குடு! மணி, நில்லு! இப்ப அடி!" சொல்வதற்கு முன்னால் அடித்துக் கோல் போட்டவனையும் வெளியே உட்கார வைத்துவிடுவார். நான் கோல்கீப்பர். அவர் குரல் என்வரை வந்து சேராது என்பதால் அணியில் நிம்மதியாக இருந்தவன் நான் ஒருவன்தான். கொடுமை என்னவென்றால், நாங்கள் ஜெயித்துக்கொண்டே இருந்தோம். தொண்ணூற்று நாலிலும் ஐந்திலும் கேம்ப் கப் எங்களுக்குத்தான். அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை, நான் உட்பட.

மணிகண்டன் அறந்தாங்கிப் பக்கத்துக்காரன், சைட்டில் சாரம் கட்டுகிறவன். வந்த புதிதில் நாலு பேரை ஏய்த்துவிட்டுப் பந்தோடு சிரித்துக்கொண்டே வருவான். பாய்க்கு அது ஆகவே ஆகாது.

"ரெண்டு தடவ தொடு. அதுக்கு மேல பந்த வச்சிக்கிட்டு நிக்காத. யோசிக்கிறது என் வேல, கேட்டியா?"

இரண்டு வருடம் விடாமல் பழக்கினார். பந்து வந்ததும் அவன் காது முதலில் நிமிரும், கால் பிறகுதான் அசையும். மற்ற கம்பெனிக்காரர்கள் அவனைக் கண்டாலே பயந்தார்கள்.

தொண்ணூற்றாறு கோடையில் எண்ணெய் டேங்க்கின் மேல் அவன் மயங்கிச் சரிந்து, பெல்ட்டில் தொங்கினான். கீழே இறக்கிக் காப்பாற்றினோம். அன்றிலிருந்து ஏணியில் நாலு படி ஏறியதுமே கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். காண்டிராக்ட் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. ஊருக்குப் போய் உட்கார வழியில்லை, மறுபடி கையெழுத்துப் போட்டால் மறுபடி சாரம்தான். ஜித்தாவில் ஒரு கம்பெனி, நன்றாகப் பந்து ஆடுகிறவனுக்கு ஆபீசில் வேலை கொடுத்துத் தன் டீமில் சேர்த்துக்கொள்கிறது என்று பாய்க்குத் தகவல் வந்தது. அவரே போன் மேல் போன் போட்டு, ஆட்டத்தைப் பார்க்க அந்தக் கம்பெனி ஆளை வரவழைத்தார். அதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றிகெட்டவன்.

வந்தவர் ஹஸ்னைன் என்ற ஹைதராபாத்காரர். அன்று நாங்கள் எங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடினோம். நான் மணிகண்டனுக்கு எதிர் கோலில் நின்றேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு அவர் பாயின் தோளில் கை வைத்து இந்தியில் சொன்னார்: "பாய், இனிமே நீங்க பேசாதீங்க. நான் எடுக்க வந்தது உங்கள இல்ல, அவன."

பாய் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மணிகண்டனிடம் பந்து வந்தது. எதிரே என்னைத் தவிர ஒருவரும் இல்லை. நான் வேண்டுமென்றே ஒரு பக்கம் ஒதுங்கினேன். பாதிக் கோல் காலியாகக் கிடந்தது. அவன் பந்தை நிறுத்தினான். தலையைத் திருப்பிக் கோட்டோரம் பாயைப் பார்த்தான்.

"அடிடா!" என்று நானே கத்தினேன். என் குரலுக்கு அவன் பழகியிருக்கவில்லை. பின்னால் ஓடி வந்தவன் பந்தைப் பறித்துக்கொண்டு போனான்.

மூன்று முறை இதேதான் நடந்தது. மூன்றாவது முறை பாயின் கண்ணில் தண்ணீர் நின்றது. ஹஸ்னைன் "கலாஸ், முடிஞ்சது" என்று காரில் ஏறிவிட்டார்.

மாதக் கடைசியில் மணிகண்டன் கையெழுத்துப் போட்டான். மறுநாளே சாரத்தில் ஏற்றினார்கள். அந்த வாரம் முழுக்க அவன் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனதை நான் பார்த்தேன். எனக்குப் பாயின் மேல் ஆத்திரமாக வந்தது. கப்பைத் தூக்கிக்கொண்டு ஆடிய என் மேலும் வந்தது.

வெள்ளிக்கிழமை பாய் மைதானத்துக்கு வந்தார், முகம் வீங்கியிருந்தது.

"தம்பி, இனி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒனக்குத் தோணுறபடி ஆடு."

மணிகண்டன் கோபப்படவில்லை. பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, உண்மையிலேயே தெரியாமல் கேட்டான்:

"மொதல்ல எந்தப் பக்கம் போகட்டும், பாய்?"