பொட்டு வைத்த வால்யூம்

மலைமேல் இருக்கும் செம்மேட்டில் எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கீழேயிருந்து மாற்றலாகி வந்த அரசு ஊழியர்கள். நானும் அப்படி வந்த நர்ஸ்தான். மலையேறும்போது ஸ்வெட்டரை மறந்துவிட்டு வந்தவர்கள் உண்டு. பதவியை மறந்துவிட்டு வந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. யார் எந்த பெஞ்சில் உட்காருவது, ஆராதனை முடிந்ததும் யாருக்கு முதலில் ஸ்தோத்திரம் சொல்வது, எல்லாவற்றுக்கும் உத்தியோகப்படி ஒரு வரிசை இருக்கிறது. வால்யூமும் அந்த வரிசையில்தான் வரும் என்பது பாடகர் குழுவில் சேர்ந்த பிறகு தெரிந்தது.

ஆர்கன் வாசிப்பவர் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கீபோர்டு வாசிப்பவர் கணக்கு வாத்தியார். இருவருக்கும் நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான். ஆர்கன் சர்ச்சுக்குச் சொந்தம், கீபோர்டு வாத்தியாருக்குச் சொந்தம். சபையின் சொத்து ஒரு படி மேலே கேட்க வேண்டும் என்பது கண்காணிப்பாளர் கட்சி. ஆசைப்பட்டு வாங்கியது கேட்காமல் போனால் எப்படி என்பது வாத்தியார் கட்சி. பாட்டு கேட்க வேண்டும் என்று ஒரு கட்சி இருந்தால் அதில் நான் ஒருத்திதான் உறுப்பினர்.

வியாதி என்னவென்று எனக்குச் சீக்கிரமே பிடிபட்டது. இருவருடைய ஸ்பீக்கர் பெட்டிகளும் சபையைப் பார்த்து நிற்கும். வாசிப்பவர்கள் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். தன் சத்தம் தனக்குச் சரியாகக் கேட்காது. பக்கத்துக்காரர் சத்தம் மட்டும் காதில் வந்து அறையும். உடனே இவர் கொஞ்சம் ஏற்றுவார். அதைப் பார்த்து அவர் கொஞ்சம் ஏற்றுவார். போதாததற்கு இரண்டு பேரும் ஒரே மெட்டை ஒரே இடத்தில் வாசிப்பார்கள். ஒருவர் சுரத்தை நீளமாகப் பிடித்து நிற்க, மற்றவர் இடைவெளி பார்த்து வந்து போகலாம். அதற்கு ஒருவர் இன்னொருவருக்கு வழிவிட வேண்டும். இந்த மலையில் லாரிக்காரர்கள்கூட வளைவில் வழிவிடுகிறார்கள். இவர்களிடம் அது நடக்காது.

பெட்டிகளைக் கொஞ்சம் திருப்பி வைக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"சிஸ்டர், நீங்க ஊசி போடறதப் பத்திச் சொல்லுங்க, கேட்டுக்கறோம்" என்றார் கண்காணிப்பாளர். அதற்கு மட்டும் வாத்தியார் அவரோடு சேர்ந்து சிரித்தார்.

எப்படியோ போங்கள் என்று விட்டிருப்பேன். ஆனால் அறுப்பின் பண்டிகைக்கு என் அப்பா வருவதாகச் சொல்லிவிட்டார். அடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கும் விவசாயி அவர். நான் ஒரு கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. எங்கள் வீட்டுக்கும் வந்ததில்லை, சர்ச் வாசலையும் மிதித்ததில்லை. சின்ன வயதில் நான் பாட ஆரம்பித்தால் மட்டும் கைவேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் அம்மாவின் போனில் அவரைப் பிடித்தேன்.

"பண்டிகைக்கு நான் தனியாப் பாடறனுங்கப்பா. வந்து கேளுங்க."

"பாட்டுக்கு மட்டும் வாரேன்" என்றார்.

அன்றைக்கெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள்தான் பயம் வந்தது. அவர் கேட்க வருவது என் குரலை. அது இந்த இரண்டு மகானுபாவர்களைத் தாண்டி அவரிடம் போய்ச் சேர வேண்டுமே!

கடைசி ஒத்திகையில் ஒரு வழி தோன்றியது. என் வீட்டுக்காரரைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். அவர் காதுக்கு என் பாட்டு தெளிவாகக் கேட்கிற வரைக்கும் இரண்டு வால்யூமையும் குறைக்கச் சொன்னேன். குறைந்த இடத்தில், கைப்பையிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஆர்கனில் சிவப்பும் கீபோர்டில் பச்சையுமாக ஒட்டினேன். குமிழிலிருக்கும் கோடு இந்தப் பொட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

"இப்படி ஒரு ஒழுங்கு இருந்தாப் பிரச்சனையே இல்லீங்களே!" என்று வாத்தியார் பாராட்டினார். கண்காணிப்பாளரும் தலையாட்டினார். நானும் நம்பினேன். என்னைச் சொல்ல வேண்டும்.

பண்டிகையன்று அப்பா வந்தார். வளைவுகளில் வயிறு கலங்கி, சோளக்காடு என்ற ஊரில் பஸ் நின்றபோது வாங்கிய எலுமிச்சம்பழத்தை இன்னும் முகர்ந்துகொண்டே வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவரை அழைத்து வந்தவர் என் வீட்டுக்காரர். வழியெல்லாம் இவர் சொன்னது "வாங்க". அவர் சொன்னது "ம்". செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் ஒரு நிமிடம் தயங்கியவர், உள்ளே வந்து கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். முன்னால் காணிக்கையாக வந்த வாழைத்தார்களும் அன்னாசியும் சாமை மூட்டைகளும் குவிந்து கிடந்தன. நாங்கள் நின்ற மூலை அந்தக் குவியலில் மறைந்துபோனது. பார்க்காவிட்டால் போகிறது, கேட்டால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

காணிக்கை எடுக்கும் நேரத்தில் என் பாட்டு. முதல் வரியைத் தொடங்கியதும் இடப்பக்கம் ஆர்கன் முழங்கியது, வலப்பக்கம் கீபோர்டு அலறியது. என் குரல் என் காதுக்கே வரவில்லை. குமிழ்களைப் பார்த்தேன். இரண்டு கோடும் பொட்டுக்கு நேராக, ஒரு மயிரிழை தாண்டாமல் நின்றன. ஏறியிருந்தது பொட்டுதான். இரண்டு பேருமே, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், பொட்டைப் பிய்த்து மேலே ஒட்டியிருந்தார்கள். அரசு ஊழியர்கள் விதியை மீற மாட்டார்கள், திருத்தம் கொண்டுவருவார்கள். குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். கண்காணிப்பாளர் வாசித்தபடியே ஒரு விரலால் பொட்டைச் சுட்டிக்காட்டினார். நான் தொண்டை கிழியக் கத்திப் பாட்டை முடித்தேன்.

ஆராதனை முடிந்து சபை வெளியே வந்தது. வாசலில் அப்பாவைக் கண்டதும் இருவரும் முந்திக்கொண்டு போனார்கள்.

"ஏனுங்க, ஆர்கன் கேட்டுச்சுங்களா?"

"கீபோர்டுங்க?"

"ரெண்டும் நல்லாக் கேட்டுதுங்க" என்றார் அப்பா மரியாதையாக. பிறகு என் பக்கம் திரும்பினார். "எல்லாரும் எந்திரிச்சுப் போறாங்களே கண்ணு, நீ எப்பப் பாடுவ?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

"நான் அப்பவே சொன்னேன் சார், உங்க பெட்டிதான்" என்றார் கண்காணிப்பாளர்.

"என் பெட்டியா? உங்க பொட்டு எங்க இருந்துச்சுன்னு பாத்தீங்களா?" என்றார் வாத்தியார்.

அடுத்து என்ன நடத்துவது என்று அவர்கள் பேசுவதாக அப்பா நினைத்துவிட்டார். "நீங்க பேசி முடிச்சுக்குங்க. கடைசி பஸ்ஸுக்குள்ள பாடுனாப் போதும், நான் உள்ள உக்காந்திருக்கறேன்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆளில்லாத சர்ச்சுக்குள் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தார்.

அதைப் பார்த்ததும் இருவருடைய சண்டையும் நின்றது. "வாங்க சார், சிஸ்டருக்கு வாசிச்சிருவோம்" என்று இருவரும் சேர்ந்தே படியேறினார்கள். வாசிக்கும் விஷயத்தில் அவர்கள் ஒற்றுமையாக நின்று நான் பார்த்தது அப்போதுதான்.

"வேண்டாங்க சார்" என்றேன்.

"சுதிக்கு மட்டுங்க சிஸ்டர், மெதுவா…"

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் பாடினேன்.