பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடுமாம்!

அம்மாவுக்குச் சர்க்கரை. காலில் புண் ஆறவே இல்லை. பல் தேய்த்தாலே ரத்தம் வருகிறது. இன்று உத்திரமேரூர் பல் டாக்டரிடம் போனோம்.

"ஈறுல சீழ் இருக்கும்மா. இது வாயோட நிக்காது, உடம்பு முழுக்கப் பாதிக்கும். சர்க்கரையையும் குறைய விடாது. சுத்தம் பண்ணிடலாம்" என்றார் டாக்டர்.

அம்மா தலையாட்டினாள். ஆனால் துணைக்கு வந்த அத்தை அம்மாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

"பல்ல சொரண்டுனா அல்லாம் ஆடிப்பூடும். எங்க வூட்டுக்காரருக்கு அப்டித்தான் ஆச்சு."

எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸிலேயே கத்தினேன். "மாமாவுக்கு ஆடினது சீழால, அத்த! சுத்தம் பண்ணதால இல்ல!"

"பத்தாவது படிச்சிக்கினு கீற, அதுக்குள்ள டாக்டராயிட்டியா?"

பஸ்ஸே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், ரத்தம் தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டு.

எதிர்வீட்டுக்காரருக்கு இப்படித்தான் புண் ஆறாமல் கால் விரலை எடுத்தார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அத்தை பக்கத்திலேயே தூங்குவதால் போர்வைக்குள் ஒளிந்து போனில் எழுதுகிறேன்.

பல்லைச் சுத்தம் செய்தவர்கள் யாராவது இருந்தால், பல் தெரியச் சிரித்து ஒரு போட்டோ போடுங்கள். அம்மாவிடமும் அத்தையிடமும் காட்டவேண்டும். டாக்டர் சொன்னதை நம்பாத அத்தை, உங்கள் பல்லையாவது நம்புவாள்.