யாரும் பார்க்க முடியாத படம்

மூத்த மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அமெரிக்க அடிமைகளைப் பற்றிய ஒரு நாவலின் தமிழ்ச் சுருக்கத்தை நூலகத்திலிருந்து கொண்டுவந்து வாசித்துவிட்டு அழுதாள். அதைப் பேசாப் படமாகவும் எடுத்திருந்தார்கள் என்று ஒரு பழைய சஞ்சிகையில் இருந்தது. படச்சுருள் எதுவும் மிஞ்சவில்லையாம். கைகள் கட்டப்பட்ட ஒரு பெண்ணின் படம் மட்டும் அந்தப் பக்கத்தில் இருந்தது. மகளுக்குக் காட்டினேன்.

"அப்ப இனி ஆருமே பாக்க ஏலாதா உம்மா?"

"ஏலாது மகள்."

அடுத்த சனிக்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் மேலதிக வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் குழப்பம், பஸ் நின்றுவிட்டது, கல்முனையில் கடைகளைப் பூட்டுகிறார்கள் என்று சொன்னார்கள். வீட்டுக்கு ஓடிவந்தேன். மகள் இல்லை.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"படம் பாக்கப் போறம் எண்டு கூட்டாளிமாரோட போனா. கொமர்ப்புள்ளைக்கி என்னத்துக்குப் படம்? டீச்சர்ட வளப்பு."

வெறுங்காலோடு தியேட்டருக்குப் போனேன். இரும்புக் கதவு பூட்டியிருந்தது.

"இண்டைக்குப் படமே இல்ல டீச்சர். ஊட்ட போங்க," என்றார் காவல்காரர்.

"உள்ளுக்கு ஆருமில்லையா?"

"எலிதான் இரிக்கி."

கூட்டாளிமாரின் வீடுகளிலும் பிள்ளைகளைக் காணவில்லை. கூப்பிட்டுக்கொண்டே எங்கள் வளவுக்குள் திரும்பி வந்தேன். பதில் இல்லை. அப்போதுதான் கவனித்தேன், கொடியில் காயப்போட்டிருந்த நான் போர்த்திக்கொண்டு வெளியே போகும் வெள்ளைத் துப்பட்டியைக் காணவில்லை. அதன் நுனி, மகளின் சீதனத்துக்கென்று பின்வளவில் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் ஜன்னல் ஓட்டைக்குள் தெரிந்தது. மௌலூது ஓதிப் பால் காய்ச்சாத புது வீட்டுக்குள் கல்யாணமாகாத குமர்ப்பிள்ளைகள் போவதில்லை. அதனால்தான் அங்கே தேட ஒருவருக்கும் தோன்றவில்லை.

செங்கல் சுவரில் என் துப்பட்டி திரையாகத் தொங்கியது. அதன் முன்னால் நாலு பிள்ளைகள். மகளின் கைகள் தாவணியால் கட்டப்பட்டிருந்தன. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மற்றவர்கள் கன்னத்தில் கைவைத்துச் சத்தமில்லாமல் அழுதார்கள்.

"மகள்!"

கட்டிய கைகளை உயர்த்தி, விரலை உதட்டில் வைத்தாள். நான் பொறுக்க வேண்டுமாம். பேசாப் படத்தில் கதைக்கக் கூடாது. வளவெல்லாம் நான் கத்தியும் பதில் வராதது அதனால்தான்.

ஏசத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் சீமெந்துப் பைகளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். படம் முடியுமட்டும் பார்த்தேன். கடைசியில் மகள் கைகளை என்னிடம் நீட்டினாள். முடிச்சு இறுகிவிட்டது. பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

"இனிக் கதைக்கலாமா?"

"ஓம் உம்மா, முடிஞ்சிது. ஏன் உம்மா அழுறீங்க? நல்லா நடிச்சமா?"

அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் சொன்னேன். ஏசுவதற்கு வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது.

பேசாப் படமாக இருந்தாலும் உம்மா கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று அன்று சட்டம் போட்டேன். அந்த வீட்டுக்குக் கூரை வந்து, மௌலூதும் ஓதியாயிற்று. இப்போதும் அடுப்படியில் நின்று காரணமில்லாமல் அவளைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். "ஓம்" என்கிறாள், சில நேரம் எரிச்சலோடு. அந்த எரிச்சலைக் கேட்ட பிறகுதான் அடுப்பைப் பார்க்கிறேன்.