ஓய்வுநாளில் எரியும் ஒரு நடைவழி விளக்கு

சுவிஸில், எம்மன்புரூக்கேயில் எங்கள் கோயில் நிர்வாகசபையில் சில மாதங்களாக ஒரே கதைதான். சூழலுக்குக் கேடில்லாமல் கோயிலை நடத்த வேண்டும், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும். போன வருடம் வெளிவீதி எண்ணெய் விளக்குகளை எடுத்துவிட்டுச் சின்ன மின்விளக்குகள் வைத்தோம். இந்த வருடம் மண்டபம் முழுக்க, ஆள் அசைவைக் கண்டால் தானாக எரிகிற சென்சர் விளக்குகள் போடலாம் என்று பாதிப்பேர், சும்மா இருங்கள் என்று மீதிப்பேர். நான் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

கஜன் இங்கேயே பிறந்து வளர்ந்த மின்வேலைக்காரர். பீல் நகரத்துக்கு அப்பால் ஒரு சிறு ஊரில், யூத ஆலயம் ஒன்றுக்கு இதே வேலையை அவர்தான் செய்துகொடுத்திருக்கிறார். "போய்ப் பாத்திட்டு முடிவெடுங்கோ அண்ணை. வெள்ளிக்கிழமை அங்க ஒரு வேலை இருக்கு. வாறீங்களோ?" என்று கேட்டார். அப்படித்தான் நவம்பர் நடுவில், ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பக்கத்து லூட்சேர்னிலிருந்து ரயிலேறி, ஒல்டனில் மாறிப் பீல் போக ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். அரைக்கட்டண அட்டை இருந்தால் போகவர ஏறத்தாழ நாற்பது பிராங். பீலில் இறங்கி இருபது நிமிடம் பஸ். ஏரிக்கரைக் காட்சி அழகென்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் கண்டது பனிப்புகார் மட்டுமே. யன்னலுக்கு அந்தப் பக்கம் ஏரி இருந்ததா இல்லையா என்று சத்தியமாகத் தெரியாது.

ஆலயத்தின் கதவு வங்கிக் கதவு போலக் கனமானது. தாக்குதலுக்குப் பயந்து மேலே இரண்டு கமராக்கள். அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, அதன் பிறகே உள்ளே போகலாம். கும்பிட வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் வரவேண்டியிருக்கிறது என்று நினைக்க மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

எங்களை வரவேற்றவர் ரூத். ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியை. இந்தச் சபையின் பசுமை வேலைகள் எல்லாம் அவர் தலையில்தான். எண்ணெய்க் கொதிகலனைத் தூக்கிவிட்டு வெப்பப் பம்பி பூட்டியிருக்கிறார். கூரைக்குள் குளிர்காப்பு போட்டிருக்கிறார். சமையலறையில் இரண்டு பாத்திரம் கழுவும் மெசின்களைக் காட்டினார். அவர்களுடைய முறைப்படி இறைச்சிக்கு ஒரு பாத்திரம், பாலுக்கு வேறு பாத்திரம், கலக்கக் கூடாது. அந்தத் தொல்லைக்குப் பயந்து வருடக்கணக்காகக் கடதாசித் தட்டில் சாப்பிட்டு மூட்டை மூட்டையாகக் குப்பை போட்டார்களாம். எங்கள் அன்னதானக் குப்பை எனக்கு ஞாபகம் வந்தது. கேட்கக் கேட்கப் பொறாமையாக இருந்தது.

நடைவழிக்கு வந்ததும் ரூத்தின் பேச்சு குறைந்தது.

வெள்ளி மாலை இருட்டும் முன் தொடங்கிச் சனி இரவு வரை அவர்களுக்குச் சபாத், ஓய்வுநாள். நெருப்பு மூட்டக் கூடாது. அதனால் விளக்கும் போடக் கூடாது, அணைக்கவும் கூடாது. சபையில் அநேகம் பேர் இதில் கண்டிப்பில்லாதவர்கள், காரிலேயே வருவார்கள். தாவித் என்ற முதியவர் மட்டும் விடாமல் கடைப்பிடித்தவர். மழையோ பனியோ நடந்தே வருவார். ஆலயத்தில் முழுத் தொழுகை நடக்கப் பத்து ஆண்கள் வேண்டும். இங்கே சரியாகப் பத்துப் பேர்தான் இருந்தார்கள், அவரோடு சேர்த்து.

சென்சர் பூட்டிய முதல் சனிக்கிழமை தாவித் நடைவழியில் கால் வைத்தார். விளக்கு எரிந்தது. அவருடைய அசைவால் எரிந்தது, ஆகவே அவரே போட்டது மாதிரி. அப்படியே திரும்பிப் போய்விட்டார். ஒருவரிடமும் முறையிடவில்லை. அடுத்த கிழமைகளிலும் வரவில்லை. சுகமில்லையாக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ரூத் வீடு தேடிப் போய்க் காரணத்தை அறிந்தபோது அவருடைய பெட்டிகள் கட்டப்பட்டிருந்தன. சூரிச்சில் ஒரு முதியோர் இல்லம், உள்ளேயே தொழுகை அறை. மகன் பதிந்துவிட்டான். உடனே விளக்கை மாற்றுகிறேன் என்று ரூத் கெஞ்சியிருக்கிறார். நல்லது, மாற்றுங்கள் என்றாராம் தாவித், கோபமே இல்லாமல். ஆனால் போய்விட்டார்.

இப்போது ஒன்பது பேர். சனிக்கிழமைகளில் கூடுகிறார்கள், பத்தாவது ஆளுக்காகக் கொஞ்சம் காத்திருக்கிறார்கள், பேழையிலுள்ள வேதச்சுருளைத் திறக்காமலே வீட்டுக்குப் போகிறார்கள். "விளக்குகளின் மின்செலவு பாதியாகக் குறைந்துவிட்டது. தொழ ஆளில்லை என்றால் இதையெல்லாம் யாருக்காகச் செய்தேன்?" என்று ரூத் ஜெர்மனில் கேட்டார்.

கஜன் ஏணியில் நின்று, சென்சருக்குப் பதிலாகப் பூட்டிய நேரக்கருவியைக் குளிர்காலச் சூரிய மறைவுக்குத் திருத்திக்கொண்டிருந்தார். இறங்கி வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் கேட்டிருக்கோணும் அண்ணை. நாளைக்கு ஆர் இதால நடந்து வருவினம் எண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

நாலரை ஆனதும் நடைவழி விளக்கு தானாக எரிந்தது. இனி நாளை இரவு வரை அணையாது. யாரும் தொடத் தேவையில்லை, யாருடைய அசைவும் அதற்கு வேண்டாம். இந்தக் கட்டடத்தில் மின்சாரத்தை வீணாக்குகிற விளக்கு அது ஒன்றுதான், அதுவும் ஊரைவிட்டுப் போன ஒருவருக்காக. எடுத்துவிடலாமே என்று சபையில் கேட்டார்களாம். ரூத் விடவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள். அடையாள அட்டை கட்டாயம். ஆண்கள் தலையை மூட வேண்டும், தொப்பி அங்கேயே தருவார்கள். சனிக்கிழமை கமராவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வெள்ளியென்றால் மூன்று மணிக்குள் போய்ச் சேருங்கள், பிறகு அவர்களுக்கு அவசரம். நவம்பரில் போகாமல் இருந்தால் ஏரியையும் பார்க்கலாம்.

ஞாயிறு நிர்வாகசபையில் மிச்சம் எவ்வளவு என்று கேட்டார்கள். நான் தாவித்தின் கதையைச் சொல்லிவிட்டு, எங்கள் கோயிலுக்கு வருகிறதைச் சத்தமில்லாமல் நிறுத்தியவர்கள் யாரும் உண்டா என்று கேட்டேன். பொருளாளர், "சின்னராசா அண்ணையைக் காணேல்லைத்தான்," என்றார். வெள்ளிக்கிழமைகளில் வெளிவீதி விளக்குகளுக்கு எண்ணெய் விட்டுவந்தவர் அவர்.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"விளக்கு மாத்தினதில இருந்து."